பி.பி.ஏ. மோட் போட்ட 2கே14இல் ஜினெப்ராவை நடத்துவது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கை வைத்துச் செய்யப்பட்டு 2013 அக்டோபரில் வெளிவந்த என்.பி.ஏ. 2கே14 ஆட்டத்தின் கணினிப் பதிப்பு, பிளேஸ்டேஷன் 3 தலைமுறையைச் சேர்ந்தது. அதே பெயரில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த பதிப்பு வேறு. பழைய தலைமுறையாக இருப்பதால்தான் அது எளிய கணினிகளிலும் ஓடுகிறது. கோப்புகளைத் திறந்து மாற்றுவதற்கும் இடம் கொடுக்கிறது. பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்காகத் தொடங்கிய பி.பி.ஏ.வை அதற்குள் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். அந்த லீக்கில் மிகப் பெரிய ரசிகர் கூட்டத்தைக் கொண்ட அணியான பரங்காய் ஜினெப்ராவை எடுத்து நடத்த விரும்புகிறவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஆர்வலர்கள் செய்யும் இத்தகைய மாற்றத் தொகுப்பை ‘மோட்’ என்றே எழுதுகிறேன். ‘மாட்’ என்று எழுதினால் பன்மையில் தொழுவத்துக்குப் போய்விடும்.

அறிகுறிகளுக்குள் நுழையும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மோட் எவ்வளவு சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தாலும், ஆட்டத்தின் உள்ளே ஓடும் நிரல் தான் இன்னமும் முப்பது அணிகள் கொண்ட என்.பி.ஏ.வைத்தான் நடத்துவதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. நாம் மாற்றுவது மூன்று அடுக்குகளை. சீருடை, முகம், அரங்கம், சின்னம் ஆகியவற்றைக் கொண்ட ஐ.எஃப்.எஃப். படக் கோப்புகள் ஆட்டம் நிறுவப்பட்ட கோப்புறையில் இருக்கின்றன. இது முதல் அடுக்கு. வீரர்களின் பெயர், திறன், ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்ட ரோஸ்டர் கோப்பு, விண்டோஸின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், 2கே ஸ்போர்ட்ஸ் என்பதன் கீழே உள்ள சேவ்ஸ் என்னும் இடத்தில் இருக்கிறது; இது இரண்டாவது. ஓர் அணியைப் பல பருவங்களுக்கு நிர்வகிக்கும் அசோசியேஷன் முறையைத் தொடங்கியபின் உருவாகும் தனி சேமிப்பு மூன்றாவது. எந்த அடுக்கில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவது வீணான அலைச்சல்.

ஆட்டம் திறக்கும்போதே, அல்லது போட்டி ஏற்றப்படும்போது, மூடிக்கொள்கிறது

எப்போது மூடுகிறது என்பதைக் கவனியுங்கள். முதன்மைப் பட்டி வருவதற்கு முன்பே மூடினால், அமைப்புகளைச் சேமித்துள்ள கோப்பின் மேல் முதலில் சந்தேகம் கொள்ளலாம். சேவ்ஸ் கோப்புறையிலிருந்து அதை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிட்டு ஆட்டத்தைத் திறந்தால், அது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கட்டுப்பாட்டுப் பொத்தான்களையும் ஸ்லைடர்களையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தவிர இழப்பொன்றும் இல்லை. ஆப்டேட்டா இயல்பாகவே மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், விண்டோஸில் மறைந்தவற்றைக் காட்டும் தேர்வை இயக்கிவிட்டே தேட வேண்டும்.

குறிப்பிட்ட ஓர் அணியுடன் அல்லது குறிப்பிட்ட ஓர் அரங்கத்தில் ஆடும்போது மட்டும் மூடினால், குற்றம் படக் கோப்பில்தான். அரங்கக் கோப்புகள் ‘எஸ்’ என்ற எழுத்திலும், உள்ளூர்ச் சீருடைகள் ‘யூஎச்’ என்றும், வெளியூர்ச் சீருடைகள் ‘யூஏ’ என்றும், முகங்கள் ‘பிஎன்ஜி’ என்றும் தொடங்கி, எண்ணில் முடியும். அதே இரு அணிகளை வேறோர் அரங்கில் ஆடவிட்டுப் பாருங்கள். ஓடினால் அரங்கக் கோப்பையும், ஓடாவிட்டால் சீருடையையோ முகத்தையோ சோதிக்கலாம். முகங்கள் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றுவது சலிப்பூட்டும். பாதியை மட்டும் அசல் கோப்புகளால் மாற்றி ஓட்டிப் பார்த்து, கோளாறுள்ள பாதியை மறுபடி பாதியாகப் பிரித்தால் நான்கைந்து முயற்சிகளில் பிடிபட்டுவிடும். இதற்கு அசல் கோப்புகளின் நகல் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் ஸ்டீமின் கோப்புச் சரிபார்ப்பை நாடுவதுண்டு. ஆனால் அது குற்றமற்ற மோட் கோப்புகளையும் சேர்த்தே பழைய நிலைக்குத் திருப்பிவிடும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், சில போட்டிகள் ஆடியபின் மட்டும் மூடுகிறதென்றால், அது பெரும்பாலும் நினைவகச் சிக்கல். 2கே14 ஒரு 32 பிட் நிரல். இயல்பாக 2 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் அதனால் தொட முடியாது. உயர் தெளிவுச் சீருடைகளையும் பார்வையாளர் கூட்டத்தையும் கொட்டி நிரப்பினால் அந்த வரம்பு உடைகிறது. நிரலின் தலைப்பில் ஒரு குறியை மாற்றி 4 ஜி.பி. வரை அனுமதிக்கும் சிறு கருவி உண்டு. அதைப் போட்டபின் இத்தகைய மூடல்கள் பெருமளவு குறையும். அப்போதும் நிற்காவிட்டால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத மிகை அளவுப் படங்களை நீக்குவதுதான் வழி. காலுறையின் தையலைக் காட்டுவதற்காக ஒரு முழுப் பருவத்தைப் பணயம் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

சீருடை ஜினெப்ராவினுடையது, ஆனால் ஆடுபவர்கள் என்.பி.ஏ. வீரர்கள்

படங்கள் ஏறியிருக்கின்றன, ரோஸ்டர் ஏறவில்லை. ரோஸ்டர் கோப்பைச் சேவ்ஸ் கோப்புறையில் போடுவது மட்டும் போதாது. ஆட்டத்துக்குள் சென்று அதைத் தேர்ந்து ஏற்ற வேண்டும். நேர்மாறாக, வீரர்கள் சரியாக இருந்து சீருடை மட்டும் பழையதாக இருந்தால், படக் கோப்புகளை உள்கோப்புறையோடு சேர்த்து நகலெடுத்திருப்பீர்கள். அவை நிறுவல் கோப்புறையின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பழைய சீருடை விடாப்பிடியாகத் தோன்றினால், சேவ்ஸுக்கு அருகிலுள்ள ஆன்லைன் டேட்டா என்னும் கோப்புறையைப் பாருங்கள். முற்காலத்தில் இணையத்திலிருந்து இறக்கப்பட்ட கோப்புகள் அதில் தங்கியிருந்தால், அவை நாம் வைத்தவற்றை முந்திக்கொள்ளும். உள்ளே இருப்பவற்றை அப்புறப்படுத்திவிட்டால் போதும்.

ஜினெப்ரா வீரர் ஸ்காட்டி தாம்ப்சனின் உடலில் வேறொருவர் முகம்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு முக எண் உண்டு. முகக் கோப்பின் பெயரில் உள்ள நான்கு இலக்க எண்ணும் இதுவும் பொருந்த வேண்டும். ரோஸ்டரைச் செய்தவரும் முகத்தைச் செய்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது எண்கள் மோதுவது இயல்பு. ரெட் எம்சி என்னும் திருத்தியில் ரோஸ்டரைத் திறந்து, தாம்ப்சனின் முக எண்ணைப் பார்த்து, அந்த எண்ணில் உள்ள கோப்பு யாருடையது என்று சோதியுங்கள். கோப்பின் பெயரை மாற்றுவதைவிட ரோஸ்டரில் எண்ணை மாற்றுவது பாதுகாப்பானது. ஏனெனில் அந்தக் கோப்பை வேறொரு வீரரும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். எண் சரியாக இருந்தும் பொதுவான, யாருடையதும் அல்லாத முகம் தோன்றினால், அவருக்குப் பொது முகத்தைப் பயன்படுத்தச் சொல்லும் குறி இயங்கிக்கொண்டிருக்கிறது; அதை அணைக்க வேண்டும். ஆட்டம் திறந்திருக்கும்போது ரெட் எம்சியில் திருத்தாதீர்கள். ஆட்டம் தன்னிடமுள்ள பழைய நிலையைத் தானாகவே சேமித்து, நீங்கள் திருத்தியதன்மேல் எழுதிவிடும். ‘எத்தனை முறை மாற்றினாலும் மாறவில்லை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

வர்ணனையாளர் தவறான பெயரைச் சொல்கிறார்

கெவின் ஹார்லன், கிளார்க் கெல்லாக், ஸ்டீவ் கெர் ஆகிய மூவரின் குரல்கள் பதிவு செய்யப்பட்டவை. அவற்றில் இல்லாத பெயரை எந்த மோட்டாலும் அவர்கள் வாயில் வைக்க இயலாது. வீரரின் ஒலி எண்ணை ரோஸ்டரில் வெறுமையாக்கிவிட்டால், பழைய இடத்துக்காரரின் பெயரைச் சொல்லாமலாவது இருப்பார்கள். அணியின் பெயருக்கும் இதே நிலைதான்.

நான்கு புள்ளிக் கோடு வரையப்பட்டிருக்கிறது, ஆனால் மூன்றுதான் கிடைக்கிறது

பி.பி.ஏ. தன் 49ஆவது பருவத்தில், 2024இல், 27 அடித் தொலைவில் நான்கு புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது. மோட் செய்தவர்கள் தரைப் படத்தில் அதை அழகாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் தரையில் உள்ள வண்ணத்தைப் பார்ப்பதில்லை. கூடையிலிருந்து உள்ள தூரத்தைத்தான் கணக்கிடுகிறது, அதற்குத் தெரிந்ததும் என்.பி.ஏ.வின் மூன்று புள்ளித் தொலைவு (23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி) மட்டுமே. இதற்குத் தீர்வு கிடையாது. கோட்டை அலங்காரமாக ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது கோடு இல்லாத பழைய தரைப் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய ரோஸ்டரைப் போட்டேன், அசோசியேஷனில் பழைய வீரர்களே இருக்கிறார்கள்

அசோசியேஷன் தொடங்கிய நொடியில் அப்போது ஏற்றப்பட்டிருந்த ரோஸ்டரின் நகல் ஒன்று சேமிப்புக்குள் பதிந்துவிடுகிறது. அதன்பின் ரோஸ்டர் கோப்பில் எத்தனை மாற்றம் வந்தாலும் அந்தச் சேமிப்பைத் தொடாது. எனவே ரோஸ்டரை முழுமையாகச் சரிபார்த்த பின்னரே அசோசியேஷனைத் தொடங்க வேண்டும். பருவத்தின் நடுவில் ஒரு பிழை கண்ணில் பட்டால், ரெட் எம்சியில் அசோசியேஷன் சேமிப்பையே திறந்து திருத்தலாம். நகல் எடுத்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்து ஆட்டத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வீரர்களை இடம் மாற்றும்போது எந்த அணியிலும் பதின்மூன்று பேருக்குக் குறையாமலும் பதினைந்துக்கு மிகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை மீறிய அணி ஒன்று எங்கோ ஒளிந்திருந்தாலும், நாட்களை நகர்த்தும்போது பருவம் அப்படியே நின்றுபோகும்.

முதல் பருவம் முடிந்ததும் பாதி அணி ஓடிவிடுகிறது

இதுதான் ஜினெப்ரா ரசிகரை மிக அதிகமாக நோகச் செய்யும் கோளாறு. இதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

பி.பி.ஏ.வில் உள்ளூர் வீரருக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மாதச் சம்பளம் 4,20,000 பெசோ. ஆண்டுக்கு அது 50,40,000 பெசோ. டாலருக்கு 55 பெசோ என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 92,000 டாலர். 2013-14 பருவத்தில் என்.பி.ஏ.வின் புதுமுக வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளமே 4,90,180 டாலர். அதாவது மணிலாவின் உச்ச நட்சத்திரத்தின் ஊதியம், இந்த ஆட்டம் ஒரு புதுமுகத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மோட் செய்பவர்களில் சிலர் உண்மை ஊதியத்தை அப்படியே எழுதப் பார்த்து, ஆட்டம் ஏற்காத எண்களில் சிக்கிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் முன்பு அந்த இடத்தில் இருந்த என்.பி.ஏ. வீரரின் ஒப்பந்தத்தை மாற்றாமலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வகையில், மூன்றாம் நிலைத் தடுப்பாட்டக்காரருக்குக் கோடிக்கணக்கில் ஊதியமும், அணியின் முதுகெலும்பாக இருப்பவருக்கு ஒரே ஆண்டு ஒப்பந்தமும் அமைந்துவிடுகின்றன. பருவம் முடிந்தவுடன் ஒப்பந்தம் தீர்ந்தவர்கள் சந்தைக்குப் போகிறார்கள்; அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு நிரம்பியிருப்பதால் உங்களால் மீட்க முடிவதில்லை.

நாணயத்தை மாற்றுவதை விட்டுவிட்டு விகிதத்தை மாற்றுங்கள். 2013-14இல் என்.பி.ஏ.வின் அணி உச்சவரம்பு 5 கோடியே 86 இலட்சத்து 79 ஆயிரம் டாலர். அந்த அளவுக்குள் பதினைந்து பேரை அடுக்க நான் கையாளும் கணக்கு இது: முதல் நட்சத்திரம் ஒருவருக்கு 1 கோடியே 20 இலட்சம், அடுத்த இருவருக்குத் தலா 80 இலட்சம், வழக்கமாகச் சுழற்சியில் வரும் நால்வருக்குத் தலா 40 இலட்சம், மீதி எட்டுப் பேருக்குத் தலா 15 இலட்சம். மொத்தம் 5 கோடியே 60 இலட்சத்தில் முடிந்து, கொஞ்சம் மூச்சுவிடவும் இடம் இருக்கும். ஒப்பந்த ஆண்டுகளையும் ஒன்று முதல் ஐந்து வரை கலந்து வையுங்கள். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் முடியும்படி விட்டால் அந்த ஆண்டில் அணி கலைந்தே தீரும். இதை ஜினெப்ராவுக்கு மட்டும் செய்துவிட்டு மற்ற பதினொரு அணிகளை விட்டுவிடாதீர்கள். அவற்றிடம் உச்சவரம்பில் பெரிய இடைவெளி இருந்தால், உங்கள் ஆட்களை அவை தூக்கிக்கொண்டு போகும்.

பிற்பாடு நினைவுக்கு வந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: அசோசியேஷன் அமைப்புகளில் சம்பள உச்சவரம்பையே அணைத்துவிடலாம். அணைத்தால் பணக்கார அணி, ஏழை அணி என்ற வேறுபாடே மறைந்து, நிர்வாகம் என்பதில் பாதி சுவை போய்விடுகிறது. ஆகவே இதை மருந்தாக அல்ல, வலி தணிக்கும் மாத்திரையாகவே கருதுகிறேன்.

பிரவுன்லீ எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று ஆட்டத்துக்குத் தெரியவில்லை

பி.பி.ஏ. பருவம் மரபாக மூன்று கோப்பைகளாகப் பிரிந்தது. பிலிப்பைன் கோப்பையில் வெளிநாட்டு வீரர் கிடையாது. கமிஷனர் கோப்பையிலும் கவர்னர் கோப்பையிலும் அணிக்கு ஒருவர், அதுவும் உயர வரம்புக்கு உட்பட்டு. ஜஸ்டின் பிரவுன்லீ 2016இல் ஜினெப்ராவுக்கு அப்படித்தான் வந்தார். அந்த ஆண்டுக் கவர்னர் கோப்பை இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், மெரால்கோ அணிக்கு எதிராக நேரம் முடியும் தருணத்தில் அவர் போட்ட மூன்று புள்ளி, 91-88 என்று ஆட்டத்தை முடித்து எட்டு ஆண்டு வறட்சியையும் முடித்துவைத்தது. 2023இல் அவருக்குப் பிலிப்பைன்ஸ் குடியுரிமை வழங்கப்பட்டது. தேசிய அணியில் அவர் குடியுரிமை பெற்ற வீரராக ஆடுகிறார், ஆனால் பி.பி.ஏ.வில் இன்னும் வெளிநாட்டு வீரர்தான். சில ரோஸ்டர்கள் இதைக் குழப்பி, அவரை ஆண்டு முழுவதும் ஆடும் உள்ளூர் வீரராக வைத்திருப்பதைக் கண்டால் வியக்க வேண்டாம்.

2கே14இல் ஒரே பருவம், ஒரே கோப்பை. அதற்குள் மூன்றை அடைப்பதற்கு இரண்டு முறைகள் முயன்றிருக்கிறேன். முதல் முறையில், பயன்படாத அணி ஒன்றை உங்கள் கட்டுப்பாட்டில் எடுத்து அதைக் கிடங்காக வைத்துக்கொண்டு, வெளிநாட்டு வீரர்களை அங்கே நிறுத்தி, வேண்டிய மாதத்தில் வர்த்தகத்தின் மூலம் கொண்டுவர வேண்டும். சந்தையில் விட்டுவைத்தால் மறுநாளே வேறோர் அணி எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் கிடங்கு. இதில் உள்ள பொறி பிப்ரவரி மாத வர்த்தகக் கெடு: அதற்குப் பின் யாரையும் நகர்த்த முடியாது, ஆகவே மூன்றாம் கோப்பைக்கான மாற்றம் நடக்காமலே போகும். ஜினெப்ராவை மட்டும் கருதினால் இதைவிட எளிய வழி உண்டு. பிரவுன்லீயை அணியிலேயே வைத்துக்கொண்டு, சுழற்சியின் 240 நிமிடங்களில் அவருக்குப் பூஜ்யம் கொடுத்து, காலம் வரும்போது முப்பத்தெட்டு ஆக்கலாம்.

இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்தது. ஒரு கோப்பைக்கு ஒரு ரோஸ்டர் கோப்பு என்று மூன்றைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் தனி அசோசியேஷனைக் குறைந்த ஆட்ட எண்ணிக்கையில் தொடங்குவது. வீரர்களின் வளர்ச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடராது. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் பிலிப்பைன் கோப்பையில் சான் மிகுவல் அணியின் ஜூன் மார் ஃபஹார்டோவை எதிர்கொள்ள எந்த வெளிநாட்டுத் தோளும் இல்லாமல் ஜினெப்ராவின் ஜபெத் அகிலார் மட்டும் நிற்கும் அந்த நெருக்கடி இதில்தான் சரியாக வருகிறது.

இறுதிச் சுற்றில் யாரென்றே தெரியாத அணிகள்

பன்னிரண்டு அணிகள் முப்பது இடங்களை நிரப்பாது. மீதமுள்ள பதினெட்டில் என்.பி.ஏ. அணிகளோ, பல்கலைக்கழக அணிகளோ, பழங்கால அணிகளோ இருக்கும். இறுதிச் சுற்றுக்குப் பிரிவுக்கு எட்டு என்று பதினாறு அணிகள் தேவைப்படுவதால், நான்கு அணிகளாவது வெளியிலிருந்து வந்தே தீரும். பன்னிரண்டும் ஆறு ஆறாக இரு பிரிவிலும் அமைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு நிரப்பு அணிகளின் திறனை ரெட் எம்சியில் நன்றாகக் குறைத்துவிட்டால், வரும் நான்கும் முதல் சுற்றிலேயே வெளியேறும். அவற்றையும் உங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டால் கணினி அவற்றுடன் வர்த்தகம் செய்து பி.பி.ஏ. வீரர்களைக் கடத்திச் செல்வதும் நிற்கும்.

அதிகப் புள்ளி எடுத்த வீரர்கள் பட்டியலில் நம் வீரர் யாரும் முன்னணியில் இல்லை

நீங்கள் கால் பகுதிக்கு ஐந்து நிமிடம் ஆடுகிறீர்கள். மற்ற போட்டிகளைக் கணினி பன்னிரண்டு நிமிடக் கணக்கில் ஓட்டுகிறது. உருவகப் போட்டிகளுக்கான நிமிட அளவை அமைப்புகளில் உங்கள் அளவுக்குக் குறையுங்கள்.

மூன்றாவது ஆண்டில் லீக் அடையாளம் தெரியாமல் போகிறது

புதுமுகத் தேர்வில் ஆட்டம் தானாக உருவாக்கும் வீரர்கள் அமெரிக்கப் பெயர்களோடும், ஏழடிக்கு நெருங்கிய உயரங்களோடும் வருகிறார்கள். ஜினெப்ரா 2013இல் முதல் தேர்வாக எடுத்த கிரெக் ஸ்லாட்டர் ஏழடி என்பது அங்கே செய்தியாக இருந்தது. ஆட்டமோ அத்தகையோரை ஆண்டுதோறும் இறக்குகிறது. அதே ஜினெப்ரா 2015இல் ஐந்தாவது தேர்வாகத் தாம்ப்சனைப் பெற்றது; அப்படிப்பட்ட கண்டெடுப்புகளுக்கு இங்கே இடமே இருப்பதில்லை. தேர்வு நாளுக்கு முன் சேமிப்பைத் திறந்து பெயர், உயரம், திறன் ஆகியவற்றைத் திருத்திவிடுவதே சரியான வழி. முதல் பத்துப் பேரைத் திருத்தினாலே போதும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பெரும்பாலும் ஆடுவதில்லை. திறனை லீக்கின் சராசரிக்குக் கீழே வைத்து, வளர்ச்சி வாய்ப்பை மட்டும் உயர்த்திக் கொடுங்கள்.

மூத்தவர்களின் பக்கமும் கவனம் வேண்டும். முப்பதைத் தாண்டியவர்களின் திறனை ஆட்டம் விரைவாகத் தேய்க்கிறது. சில ஆண்டுகளில் ஓய்வும் கொடுத்துவிடுகிறது. 1984இல் பிறந்த, ஜினெப்ராவில் நெடுங்காலம் ஆடிய எல்.ஏ. டெனோரியோ தொடர்ச்சியாக 744 ஆட்டங்கள் ஆடியவர்; 2023இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்னும் களத்துக்குத் திரும்பினார். அப்படி ஒருவரை ஆட்டத்தின் கணக்கு எதிர்பார்க்கவில்லை. அவருடைய பிறந்த ஆண்டை ரோஸ்டரில் ஐந்தாறு ஆண்டுகள் கூட்டி, வயதைக் குறைத்து எழுதினால் தேய்மானம் தள்ளிப்போகும். அசோசியேஷன் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற வீரரைச் சேமிப்பிலிருந்து மீட்டெடுக்க முயன்ற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சேமிப்பே திறக்காமல் போயிற்று.